இயற்கை வெளிச்சத்தில் மட்டும்

விதி எண் ஏழு:
படைப்புகளைப் பகல் வெளிச்சத்தில் மட்டுமே படம் எடுக்க வேண்டும்.
விளக்கு கூடாது. நிறத்தைத் திருத்தக் கூடாது.
கடைசி நாள் டிசம்பர் பத்து, மாலை ஐந்து.

எழுதியவர் ஆஸ்லோவில் உட்கார்ந்திருப்பவர்.
நாங்கள் இருப்பது திரொம்சோவில்.
நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் இறங்கிய சூரியன்
ஜனவரி பாதியில்தான் எட்டிப் பார்க்கும்.

மின்னஞ்சல் அனுப்பினேன், மரியாதையாகத்தான்:
எங்கள் ஊரில் எதைப் பகல் என்று எடுத்துக்கொள்வது?
மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது:
விதிகள் அனைவருக்கும் பொது. வாழ்த்துகள்.

பரிசுத் தொகை அறுபதாயிரம் குரோனர்.
என் கணக்கில் அது நாற்பது சனிக்கிழமை.
சனிக்கிழமைகளில் படகுத்துறைத் தொழிற்சாலையில்
காட் மீனுக்குத் தலை வெட்டுகிறேன்.

வரைந்ததும் அதைத்தான்.
வெட்டு மேசைக்கு முன்னால் நிற்கும் பெண்கள்,
ஐந்து ஓவியத்திலும் ரப்பர் மேலங்கி.
ட்யூப் லைட் பட்டு உள்ளே பித்தப் பச்சை ஓடும் மஞ்சள் அது.
அந்த மஞ்சளைப் பிடிக்க எனக்குப் பதினோரு மாதம் ஆனது.
பிடித்த அன்று யாரிடமும் சொல்லவில்லை,
இரண்டு முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

நிதி உங்களுக்கு ஏன் தேவை, இருநூறு சொற்களுக்குள்.
முதலில் எழுதியதில் கெஞ்சியிருந்தேன்.
அடுத்ததில் உலகத்துக்கே உபகாரம் செய்ய வந்தவள் போலிருந்தேன்.
கடைசியில் அறை வாடகையை மட்டும் எழுதினேன்.
மிச்சமுள்ள நூற்றுத் தொண்ணூறு சொல்லை
அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

அறைத்தோழி கூட்னியும் விண்ணப்பிக்கிறாள்.
பரிசு ஒன்று. தெற்குப் பார்த்த சன்னலும் ஒன்று.
முக்காலி அவளுடையது, கேமரா அவள் அண்ணனுடையது.
நீ முதலில் எடு, என்றாள்,
என்னுடையது கரி. கறுப்புக்கு எதற்கு வெளிச்சம்?

பத்தாம் தேதி, காலை பத்தரை.
பனி, பாலம், எதிர்க்கரை வீடுகள் எல்லாமே
சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த துணி மாதிரி.
கேமராவுக்குள் பார்த்தேன்:
என் மஞ்சள் செத்துக் கிடந்தது.
சன்னலுக்கு நெருக்கி வைத்து எடுத்தேன்.
படுக்கைவிரிப்பைப் பிடிக்கச் சொல்லி எடுத்தேன்.
சாய்த்து எடுத்தேன். திட்டிக்கொண்டே எடுத்தேன்.
பெண்கள் ஐவரும் நீரில் மூழ்கியவர்களாகவே வந்தார்கள்.
கூட்னி முக்காலியின் ஆடும் காலைப் பிடித்தபடி
ஒரு வார்த்தை பேசவில்லை.
ஒருமுறை இருமினாள்.
அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன்,
பன்னிரண்டே கால்.

அவளுடையவை காலிப் பேருந்து நிறுத்தங்கள்.
நான்கை அவசரமாக எடுத்து முடித்தாள்.
ஐந்தாவதைச் சுவரில் குத்தும்போது
சன்னல் போய்விட்டது.
எடுத்தது வெறும் கருஞ்சதுரம்,
மூலையில் மட்டும் ஊசியின் தலை மினுங்கியது.
அதையும் சேர்த்தே ஏற்றினாள், ஐந்து வேண்டுமே.

நாலே முக்காலுக்கு நான் அனுப்பி முடித்தேன்.
விளக்கைப் போட்டேன்.
மஞ்சள் ஒன்றும் நடக்காதது போல
ஐந்து சட்டத்துக்குள்ளும் வந்து நின்றது.
அனுப்பிய படத்தையும் ஓவியத்தையும் பக்கத்தில் வைத்தால்
ஓவியம்தான் போலி என்று தோன்றும்.

பிறகு அவள் திரையை எட்டிப் பார்த்தேன்.
ஐந்தாவது படைப்பு.
தலைப்பு: நிறுத்தம், பன்னிரண்டு ஐம்பது.
பயன்படுத்திய பொருள்கள்:
காகிதம், கரி, இங்வில்ட்.

இங்வில்ட் நான்தான்.

அது பரிசு வாங்கிவிட்டால்
ஒரு வாரம் அவளோடு பேச மாட்டேன்.
வாங்காவிட்டால் எத்தனை நாள் என்று
இன்னும் கணக்குப் போடவில்லை.