விகுதி

பெயர் கிடைக்கும்வரை ஜாடியில்
"இனம் 3" என்று பென்சிலால் எழுதியிருந்தேன்.
பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

அறுநூற்றிருபது மீட்டரில் வலை இழுத்த இரவு.
மேலே வரும் வழியிலேயே செத்திருந்தது;
காற்றுப்பை உப்பி
இரைப்பை வாய்வழியே துருத்தியபடி.
சுண்டுவிரல் நீளம்.
வயிற்றோரம் சட்டைப் பொத்தான்போல் ஒளிப்புள்ளிகள்,
தெரிந்த இனங்களைவிட இரண்டு கூடுதல்.
பதினோரு முறை எண்ணினேன்.
இன்னொரு முறை என்றார் டாக்டர் ராயா.

சிதாப் கரையில் வலை உதறிக்கொண்டிருந்த
கல்ஃபானிடம் காட்டினேன்.
தின்னலாமா என்றார்.
முள்ளும் எண்ணெயும்தான் என்றேன்.
அப்புறம் பெயர் எதற்கு என்று
வாலைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

நியாயம்தான்.
சாளைக்கும் நெத்திலிக்கும் பெயர் வைத்தது பசி.
இதற்கு வைக்க
துடுப்புக் கதிர்களை ஊசிமுனையால் பிரிக்க வேண்டும்,
தலை நீளத்தில் கண் எத்தனையில் ஒரு பங்கு
என்று அளக்க வேண்டும்,
எக்ஸ்ரேயில் முள்ளெலும்பு முப்பத்துநான்கா, ஐந்தா என்று
மஸ்கட்டும் ஹாம்பர்க்கும்
நான்கு மாதம் சண்டை போட வேண்டும்.

மீனுக்கும் குலப்பெயர் முன்னால்,
சொந்தப் பெயர் பின்னால்.
எங்கள் ஊர் இனிஷியல் மாதிரி என்றேன்.
ராயா புரிந்ததாய்ச் சிரித்தார்.

எம். அருமைக்கனி நான்.
குடியிருப்பு அட்டையில் ஒற்றை எழுத்து செல்லாது;
மாசிலாமணி அருமைக்கனி என்று விரித்தார்கள்.
முதலில் இருப்பதுதானே பெயர்?
ஏழு வருடமாய்
வங்கியில், பல் டாக்டரிடம், சம்பளச் சீட்டில்
நான் மாசிலாமணி.
சங்கரன்கோவில் ரேஷன் கடையில் எடை போட்டவர்.
மீன்கூடை போனால்
மூக்கைப் பொத்திக்கொண்டு தெரு மாறுபவர்.

போன வியாழன் கட்டுரையின் அச்சுப்படி வந்தது.
என்னிடம் சொல்லாமலே ராயா செய்திருக்கிறார்:
குலப்பெயருக்கு அடுத்து, சாய்வெழுத்தில்,
மாசிலாமணி.
கடைசியில் இரண்டு "ஐ".
லத்தீனில் அது ஆண்பால்.
ஹாம்பர்க்கில் யாரோ
பட்டியலைப் பார்த்தே ஆளை முடிவுசெய்துவிட்டார்.

திருத்த ஒரு நாள் அவகாசம்.
அருமைக்கனி என்றே போட்டுவிடவா,
போனில் கேட்டார் ராயா.
அரைமணி நேரம் தாருங்கள் என்றேன்.
ஏசி சொட்டும் வாளி நிரம்பி
தரையில் ஓடியது. துடைத்தேன்.
சிவப்புப் பேனாவை மூடினேன், திறந்தேன்.
ரசீது எழுதும்போது அப்பா
தன் கையெழுத்தின் கடைசிச் சுழியை
எப்போதும் போடாமல் விடுவார்.

வாலை மட்டும் மாற்றினேன்.
பெண்பால், ஒருமை.
பெயர் அவருடையது,
விகுதி என்னுடையது.

புது லேபிளை நூலில் கோத்து
செவுளோடு கட்டி, மூடியைத் திருகினேன்.
இந்த ஒன்றுதான் இனி அந்தப் பெயருக்குச் சாட்சி.
கீழே மற்றவை
எதற்கும் திரும்பிப் பார்க்காமல்
ராத்திரி ஏறி, விடியலில் இறங்கும்.

இன்று காலை வாசல் காவலர் இன்டர்காமில்:
மிஸ்டர் மாசிலாமணி, ஃபார்மலின் வந்திருக்கிறது.

வருகிறேன் என்றேன்.