இரு

குருமடத்தில் இரண்டாம் வருடம்.
கரும்பலகையில் ஒரேயொரு இலத்தீன் வினைச்சொல்: எஸ்ஸே.
"கடவுள் இருக்கிறார் எண்டு சொன்னால் போதாது.
இருக்கிறதே அவர்தான்.
தமிழிலை சொல்லுங்கோ பாப்பம்"
என்றார் எமிலியானுஸ் அடிகளார்.

'இருப்பு' என்றான் ஊர்காவற்றுறைப் பெடியன்.
அது கடைக்காரரின் சொல், அரிசி மூடைக் கணக்கு.
'உண்மை' என்றான் இன்னொருவன்.
நல்ல சொல்தான், ஆனால் எப்போதோ
நீதிமன்றத்துக்குக் குடிபோய்விட்டது.
நான் எழும்பி 'இரு' என்றேன்.
"சரி, இரும்" என்றார்.
வகுப்பே சிரித்தது. இருந்தேன்.

அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவன்
இன்று பாசையூரில் வீடுவீடாய்
குடிசனக் கணக்கு எடுக்கிறேன்.
கொன்சலீற்றா அக்கா முற்றத்தில்
வலையிலிருந்து நண்டு கழற்றுகிறா.
"வீட்டிலை எத்தினை பேர் இருக்கிறியள்?"
"நான் இருக்கிறன். அவர் இருக்கிறார்.
எங்கையெண்டுதான் தெரியேல்லை."

மடுத்தீன். தொண்ணூற்றாறு, ஆடி மாதம், சைக்கிளோடு.
'இருந்தார்' என்று எழுதினால்
நண்டைப் போட்டுவிட்டு எழும்பிவிடுவா.
படிவத்தில் அவருக்கு ஒரு கட்டம் கிடையாது.

பேனையை மூடாமல் யோசிக்கிறேன்.
இந்த முற்றத்தில் உள்ளதையெல்லாம் எழுதினாலும்,
நண்டு, வலை, ஈயச் சட்டி, அவ, நான்,
கொடியில் காயும் ஆம்பிளைச் சேட்டு,
கடைசி இலக்கமாகக்கூட வரமாட்டார்
அடிகளாரின் கடவுள்.
அவர் இன்னோர் ஆள் இல்லை.
நண்டு இருக்கிறது,
ஆனால் இருப்பது நண்டின் சொத்து இல்லை,
பகற்காற்றுக்கு வெளிச்சம் சொத்து இல்லாததுபோல.
பொழுது பட்டால்
ஒரு கையளவைக்கூடக் காற்றால் பிடித்துவைக்க ஏலாது.

இப்போதுதான் கவனிக்கிறேன், அடிகளார்:
இது நண்டு. இது வலை. இது கடல்.
நடுவில் தமிழ் ஒரு சொல்லும் வைக்கவில்லை.
இது நண்டு இல்லை எனும்போதுதான்
வாய் ஒரு சொல்லைத் தேடுகிறது.
நீங்கள் கேட்டது அந்த இடைவெளியில்
பேசாமல் கிடந்திருக்கிறது.

இத்தனை வருடமாய்
காவலரணிலும் கந்தோரிலும் அவவுக்குக் கிடைத்தது
'இல்லை' என்ற அந்த ஒரு சொல்.
திருப்பி ஒன்றும் சொன்னதில்லையாம்,
பேரை மட்டும் சொல்லுவாவாம்.

"ஏன் தம்பி நிக்கிறாய்? இரு."
கவிழ்த்த மீன்பெட்டியில் இருந்தேன்.
பிளேன்ரீ வந்தது. சீனி இல்லை.
கட்டங்களுக்கு வெளியே, தாளின் ஓரத்தில்,
மடுத்தீன் என்று எழுதினேன்.
மேற்பார்வையாளர் கேட்பார்.
கேட்கட்டும்.