கணக்கு உதைத்த இரவு

அலுவலகத்தில் ஒரு கணினி. அதற்கு நாளை தெரியும்.
கிடங்கில் ஒரு கணினி. அதற்கு இடம் தெரியும்.
எந்த மாதம் எத்தனை ரப்பர் பூட்ஸ் விற்கும் என்பது அதன் பாடு.
நாற்பத்தொன்றாம் அளவு
டி வரிசை, பதினேழாம் தட்டில் கிடக்கிறது என்பது இதன் பாடு.
ஒன்றை ஒன்று பார்த்ததேயில்லை.
நடுவில் நூற்றுப் பன்னிரண்டு எட்டு,
பிறகு மாடிப்படி,
நான்.

ஒன்பது வருடம்.
மாலை ஐந்தரைக்கு ஒரு தாளோடு
லாரிகளின் இடுக்கில் புகுந்து போவேன்.
லுத்மிவா கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்ததும்
அவள் சூடு ஆறாத நாற்காலியில் உட்கார்ந்து
இருப்பைத் தட்டுவேன்.
ஓபோலேயின் பனியில் தாள் நனைந்தால்
ஏழு ஒன்றாகிவிடும்.
அப்படி ஒரு தரம் ஆறு ஜோடி செத்தது.
இன்னொரு தரம், ஒன்று ஏழாகி,
ஆறு ஜோடி பிறந்தது.
யாரும் அழவில்லை, யாரும் மிட்டாய் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விரோத்ஸ்வாஃபிலிருந்து செசாரி வந்தான்.
மடிக்கணினி. கான்வாஸ் காலணி, அதுவும் ஈரம்.
பூட்ஸ் கிடங்குக்குள் இப்படி வருகிறவனை நம்பலாமா என்று
ஷிஃப்ட் முழுக்கப் பேசினோம்.
"ரெண்டையும் பேச வைக்கணும், அவ்வளவுதான்" என்றான்.

அவ்வளவுதானா?
அது 'ஒன்று' என்றால் ஒரு ஜோடி.
இது 'ஒன்று' என்றால் ஆறு ஜோடி அடைத்த பெட்டி.
சோதனைக்கு முதல் ஆர்டர் இறங்கியது:
மீன்பண்ணைக்காரர் ஒருவருக்குப் பன்னிரண்டு.
அனுப்பும் மேடையில்
எழுபத்திரண்டு ஜோடி வரிசை கட்டி நின்றது,
மீன்களும் நடக்கப் போகின்றன என்பதுபோல.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் யாரெமா
சிரித்துச் சிரித்து ஹாரன்மேல் சாய்ந்துவிட்டான்.

வியாழன் இரவு பதினொன்றுக்குக் கம்பியை இணைத்தார்கள்.
கம்பி என்று ஏதும் இல்லை, சும்மா சொல்கிறேன்.
திரையில் ஒரு பச்சைக் கோடு.
இங்கிருந்து ஒரு வரி போனது.
அங்கிருந்து "பெற்றுக்கொண்டேன்" என்று வந்தது.
மறுபடி போனது. பெற்றுக்கொண்டேன்.
மறுபடி. பெற்றுக்கொண்டேன்.
நான் ஒன்பது வருடம் ஏறிய மாடியில்
எனக்கு ஒருவரும் சொல்லாத சொல்.

அப்புறம் ஒரு வரி சிவந்தது.
டி பதினேழு. அங்கே நாற்பது, இங்கே முப்பத்தேழு.
கணக்கு உதைத்தது.
பூட்ஸ் போட்டுக்கொண்டு உதைத்தது.

செசாரி தட்டுக்கே போய் எண்ணினான், இரண்டு முறை.
"மூணு ஜோடி எங்கே?"

ஓத்ரா கரையேறிய இரவில்
மணல் மூட்டை தூக்கிய தீயணைப்புக்காரர்கள் மூன்று பேர்
வாசலில் நின்று கேட்டார்கள்.
அளவு மட்டும்தான் நான் கேட்டேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்;
அன்றைக்கு ஆறுதான்
எங்களை அளந்துகொண்டிருந்தது, படிபடியாக.

காணாமல் போனதை ஷிஃப்ட் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
அதனால் தாளில் உள்ளபடி எழுதி
மாடியில் மூன்றைக் கூட்டித் தட்டினேன்.
இருப்பு ஏறும், இறங்கும்.
அந்த மூன்று மட்டும்
தினமும் என்னோடு படியேறி வரும்.

காரணம் கேட்டது திரை.
சேதம். திருட்டு. தவறான எண்ணிக்கை. பிற.
செசாரி அம்பைத் திருட்டின்மேல் நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தான்.
சொன்னேன்.
அவன் ஒன்றும் பேசவில்லை. அம்பு மெல்ல இறங்கி
கடைசிச் சொல்லில் நின்றது.

குறிப்பு எழுத இருபது எழுத்துக்குத்தான் இடம்.
மணி ஒன்றரை. இரண்டு பேரும் யோசித்தோம்.
"வெள்ளம்" என்று அடித்தான்.
இன்னும் பதினாறு எழுத்து காலியாகக் கிடந்தது.

பெற்றுக்கொண்டேன் என்றது மேல்மாடி.

வெளியே மழை பிடித்திருந்தது.
செசாரிக்கு நாற்பத்து நான்கு.
எடுத்து நீட்டும் முன்
ஸ்கேன் செய்தேன்.
யாருக்கு என்று கேட்டது.