கடி பார்த்தல்

ரோவனியெமியில் பிப்ரவரி.
கராஜுக்கு வெளியே மைனஸ் இருபத்து நான்கு.
உள்ளே, அறுபத்தாறாம் வருடத்து வோல்வோ அமேசான்
பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு
ஊசிக்குக் காத்திருப்பதுபோல் நிற்கிறது.

எண்பதைத் தொட்டால் ஊளையிடும்.
எட்டு வருடமாக இட்டது.
மெக்கானிக் கேட்ட தொகைக்கு
இன்னொரு காரே வாங்கலாம்.
நானோ பல் கட்டுகிறவள்.
பிறர் வாய்க்குள் நூறில் ஒரு மில்லிமீட்டரைத் தேடி
இருபது வருடம் சம்பளம் வாங்கியவள்.
பற்சக்கரமும் பல்தானே என்று
மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினேன்.

முதலில் வந்தது வாடை:
கந்தகமும் பூனை மூத்திரமும்
அரை நூற்றாண்டு ஒரே போர்வைக்குள் கிடந்ததுபோல.
பிறகு ஆயில்.
ஆயிலுக்குள் இரும்புத் தூள்,
கண்ணுக்குத் தீட்டலாம், அவ்வளவு நைஸ்.

லூலியோவில் ஒருவரிடம்
மெழுகு பூசிய தாளில் சுற்றி, பிரிக்கப்படாமல்
ஒரு ஜோடி கிடைத்தது. கிரௌன் வீலும் பினியனும்.
(கிரௌன். இந்த வார்த்தையை நான்
தினமும் முப்பது தடவை சொல்கிறேன்.)
தனித்தனியாக விற்க மாட்டார்கள்.
ஒன்றையொன்று அரைத்தே பொருந்தியவை,
ஒன்று போனால் இரண்டும் போக வேண்டும்.

பினியனை இரவெல்லாம் பனியில் புதைத்தேன், சுருங்கட்டும் என்று.
பேரிங்கை ரொட்டித் தட்டில் வைத்து
அடுப்பில் நூறு டிகிரியில் சுட்டேன், விரியட்டும் என்று.
வெய்யோ அடுப்பைத் திறந்தான்,
பார்த்தான், மூடினான்.
என்ன வேகிறது என்று கேட்கவில்லை.
அவன் கேட்கிறவன் இல்லை.

ஃபிளாஞ்சில் நூல் சுற்றி
மீன் தராசால் இழுத்து இறுக்கம் பார்த்தேன்.
பெர்ச் மீனை விட வேறெதையும் நிறுத்தறியாத தராசு
ஒன்றரை கிலோவில் நின்று நடுங்கியது.

பற்களில் மஞ்சள் பசை தடவிச் சுற்றினேன்.
வாயில் நீலத்தாளை வைத்துக்
கடிங்க, அப்படியே அரைங்க என்போமே, அதேதான்.
தடம் விழுந்தது
பல்லின் அடியில், வேரோரம்.
தப்பு.

ஒரு தப்புக்கு ஒரு சனிக்கிழமை.
பேரிங்கைப் பிடுங்கு, கிண்ணத்தைத் தட்டி எடு,
தாளை விட மெல்லிய ஷிம்மை மாற்று, மறுபடி பூட்டு.
இன்னும் ஆழத்தில்.
மறுபடி.
இன்னும் ஆழத்தில்.
மூன்றாம் சனிக்கிழமை
பினியன் தலையில் மின்பேனா கீறியிருந்த எண்ணை
வெள்ளைப் பெட்ரோலால் துடைத்தேன்.
கழித்தல் மூன்று என்றல்லவா படித்திருந்தேன்.
மெழுகுக்கடியிலிருந்து எழுந்து நின்றது
ஒரு நெடுங்கோடு.
கூட்டல்.

பெயர் தெரியாத அந்தக் கையைத் திட்டினேன்.
அது சரியாகத்தான் எழுதியிருந்தது.
இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

நான்காவது தடவை
தடம் பல்லின் நடுவில் விழுந்தது,
தூங்கி எழுந்தவன் கன்னத்துத் தலையணைக் கோடுபோல
நீளமாய், மங்கலாய், அவசரமில்லாமல்.
டயல் கேஜின் முள் பதினைந்தில் நின்றது.
நாக்கு தேடிப் போகாத பல்தான் நல்ல பல்.
பசையைத் துடைக்க மனம் வரவில்லை,
கால் மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில், கெமி ஆற்றோரச் சாலை.
வெய்யோ பக்கத்தில், கையுறையோடு.
அறுபது. எழுபது.
எண்பதில்
இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

ஒன்றுமில்லை.
ஆக்ஸிலரேட்டரை விட்டால்
அறுபத்திரண்டில் ஒரு சின்னக் கீச்சு உண்டு,
அதை நான் யாரிடமும் சொல்வதாக இல்லை.

சாம்பல் தட்டில் ஒரு காசு அதிர்ந்தது.
ஹீட்டர் விசிறி எங்கோ உரசியது.
அவன் மூக்கால் விடும் மூச்சு கேட்டது,
அதில் ஒரு சின்ன விசில் இருப்பது
எனக்கு இதுவரை தெரியாது.

"இந்த ரேடியோ பாடுமா?" என்றான்.

எட்டு வருடமாக இந்தக் காருக்குள்
ஊளைக்கு மேலே கத்தினோம், இல்லையென்றால் பேசாமலிருந்தோம்.
பாடாது, உள்ளே வயரே இல்லை
என்று சொன்னேன்.

என் குரல்
இவ்வளவு சின்னக் காருக்கு
மிகப் பெரிதாக இருந்தது.