முந்தைய பணி: ஏதுமில்லை

கடிதத்தில் என் பெயர் பாதிதான் வந்திருந்தது.
மங்கையர்க்கரசிக்கு
அவர்களின் கட்டங்கள் போதவில்லை.
அரசியை வெட்டிவிட்டார்கள்.
மிச்சத்தில் ஓர் உகரம் சேர்த்துப் படித்தால்
மங்கையர்க்கு.
பியோரியா நகரத்துப் பெண்களுக்கெல்லாம்
பொதுவாக எழுதியதுபோல.

இரண்டாம் தாளில் வருடங்கள் வரிசையாக இறங்கின.
இரண்டாயிரத்து மூன்று, முட்டை.
நான்கு, முட்டை.
ஐந்து, நித்திலன் பிறந்த வருடம், முட்டை.
முதல் ஏழு வருடம்
வேலைக்குப் போகாதே என்று
என் விசாவிலேயே அச்சடித்திருந்தது;
அந்த அரசாங்கமும் இந்த அரசாங்கமும்
ஒன்றுதானா என்று தெரியவில்லை.
பதினொன்றில் மட்டும்
நூலகத்தில் புத்தகம் அடுக்கிய ஐந்து மாதம்,
ஆயிரத்து அறுநூற்று நாற்பது டாலர்.
அத்தனை முட்டையில் பொரித்தது அது ஒன்று.

"ஒரு கிரெடிட் இருக்கிறது,"
ஐம்பத்திரண்டு நிமிடப் பியானோவுக்குப் பின்
போனில் வந்த டெனிஸ் சொன்னாள்.
"கடைசிப் பத்து வருடத்தில் இருபது வேண்டும்."
கணவர் சம்பளம்?
அக்டோபரோடு நின்றது, டிராக்டர் கம்பெனி.
காப்பீடு?
அதுவும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது.
அவள் குரல் இறங்கியது.
"அப்படியானால் இன்னொரு படிவம் உண்டு.
வசதியில்லாதவர்களுக்கு."

மாதம் ஒரு ஊசி.
காப்பீடு இருந்தபோது நாற்பது டாலர்,
இல்லாதபோது ஆறாயிரத்து இருநூறு.
அதே மருந்து, அதே நர்ஸ், அதே இடதுகை.
முதலில் 'இது பில் அல்ல' என்று ஒரு தாள் வரும்.
நான் நம்பிவிடுவேன்.
மூன்றாம் நாள் பில் வரும்.
ஞானவேல் அதையெல்லாம் மைக்ரோவேவ் மேல் அடுக்குவார்,
பிரிக்காமல்.
நான் பிரிப்பேன், பல்லால்.
விவரப் பட்டியல் கேட்டு வாங்கி
நான் விழுங்காத மாத்திரைக்கு முப்பத்தெட்டு டாலர்
போட்டிருந்ததைக் கண்டுபிடித்தேன்.
மூன்று போனில் கழித்தார்கள்.
இருபத்தோரு வருடம் இந்த வீட்டில்
பால் கணக்கிலிருந்து பள்ளிக் கட்டணம்வரை
ஒரு சென்ட் என்னைத் தாண்டிப் போனதில்லை.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஒரு கேள்வி மட்டும் இருந்தது:
காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை
என்ன செய்கிறீர்கள்?
யாரும் என்னைக் கேட்டதில்லை.
பதிலுக்கு ஏழு கோடு.
முதல் கோட்டிலேயே
விரல்கள் விரிய எடுக்கும் நேரத்தை எழுதினேன்.
குக்கரை வயிற்றோடு அணைத்துத் திறப்பதை,
தோசைக் கரண்டியை இரு மணிக்கட்டால் பிடிப்பதை,
துணியை மேசைமேல் பரப்பி
முழங்கையால் மடிப்பதை எழுதினேன்.
உண்மையை எழுதச் சொல்லியிருந்தார்கள்.

மார்ச்சில் பதில் வந்தது.
நீங்கள் சமைக்கிறீர்கள்.
துணி மடிக்கிறீர்கள்.
கடைக்குப் போகிறீர்கள்.
ஆகவே உங்களால் வேலை செய்ய முடியும்.

பனி உருகி மழைக்குழாயில் சொட்டிக்கொண்டிருந்தது.
நான் அதை மூன்று முறை படித்தேன்.
செய்த காலமெல்லாம் வேலையாக இல்லாதது
செய்ய முடியாமல் போனதும்
வேலையாகிவிட்டது.
சிரிப்பு வந்தது. தாடையும் வலித்தது.

மேல்முறையீட்டுக்கு அறுபது நாள்.
பேனாவில் ஸ்பாஞ்சு சுற்றி
பெயர்வரை எழுதினேன்.
கடைசிக் கட்டம் முடிந்த இடத்தில்
ஓரத்து வெள்ளையில் ஏறி
அரசியையும் எழுதினேன்.
அதற்குமேல் கை வரவில்லை.

ஞானவேல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
"நீ சொல்லு, நான் எழுதறேன்."
முந்தைய பணி என்ற இடத்தில் பேனா நின்றது.
மைக்ரோவேவைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"இதுக்கு என்ன போட?"

சொல்ல ஆரம்பித்தேன்.
இரண்டாயிரத்து ஆறுக்கு வருவதற்குள்
தாள் தீர்ந்தது.
அவர் எழுந்து போய்
பிரிண்டரைத் திறந்து
ஒரு கட்டு எடுத்துவந்தார்.