நேர்ப் பிள்ளைகளில் மட்டும்

இரவு பதினொன்று நாற்பதுக்குப்
பிரசவ வார்டிலிருந்து அழைப்பு.
சிஸ்டர் நோர்லைலா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:
ஏழாம் கட்டில் குழந்தைக்கு
உங்கள் சிஸ்டம் பெயர் வைத்துவிட்டது,
வைட்டமின் கே.

கைப்பட்டையில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறதாம்.
குழந்தைக்கு ஆட்சேபம் இல்லை, தூங்குகிறது.
அம்மாவுக்கு உண்டு.

பாயான் லெப்பாஸ், பதினான்காம் மாடி.
காலையில் வாங்கிய கோப்பி ஓ
பிளாஸ்டிக் பையில் சுருங்கித் தொங்குகிறது.
கோப்பைத் திறக்கிறேன்.

வேர் உச்சியில் இருக்கும் மரம் இது.
நோயாளி என்றொரு கணு.
அதன் பிள்ளைகளில் ஒன்று பெயர்.
இன்னொன்று மருந்து, அதற்கும் ஒரு பெயர்.
மருத்துவர், அவருக்கும்.
தாய், அவளுக்கும்.
எல்லாப் பெயரும் பெயர் என்றே அழைக்கப்படுகின்றன.

மூன்று மாதத்துக்கு முன் நான் எழுதிய வரி:
பெயரைத் தேடு, முதலில் கிடைப்பதைக் கொடு.
எத்தனை படி இறங்கலாம் என்று நான் சொல்லவில்லை,
அதுவும் கேட்கவில்லை.
சௌராஸ்தா மார்க்கெட்டில் நின்று
தம்பி என்று கத்தினால்
முதலில் திரும்புகிறவனைக்
கையைப் பிடித்து இழுத்துவரும் ரகம்.

இத்தனை நாள் எப்படி ஓடியது?
நாலாயிரம் பேருக்கும்
அவரவர் பெயர்தான் முதலில் நின்றது.
தப்பான வரி
சரியான விடையைத் தந்துகொண்டே இருந்தது,
யார் சந்தேகப்படுவார்?
இந்தக் கோப்பில் அந்தக் கணு காலியாக இல்லை.
இல்லவே இல்லை.
தேடல் கீழே இறங்கியது,
ஊசி மருந்தில் முட்டி நின்றது.

திருத்தம் சின்னது.
பேரப் பிள்ளைகளை விடு,
நேர்ப் பிள்ளைகளில் மட்டும் பார்.
ஓட்டினேன்.
விடை: இல்லை.

அச்சு இயந்திரத்துக்கு இல்லை என்ற சொல் தெரியாது.
சிவப்பாக நாலு வரி கக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.

திறந்து உடனே மூடிய வெற்றுக் கணு என்றால்
இன்னும் வைக்கவில்லை என்று அர்த்தம்.
கணுவே இல்லையென்றால்
யாரும் கேட்கவில்லை என்று.
எது என்று மரம் சொல்லாது.
சிஸ்டரைத் திரும்ப அழைத்தேன்.

கேட்டுவிட்டு வந்தார்:
அப்பா கெர்த்தேயிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்.
எண்கணிதக்காரர் இன்னும் எழுத்துச் சொல்லவில்லை.
அம்மா ஒரு பெயர் வைத்திருக்கிறாள்,
யாரிடமும் சொல்ல மாட்டாளாம்.

அந்தப் பெயருக்குப் பாதை எழுத
எனக்குத் தெரியாது.

ஆகவே இப்படி எழுதினேன்:
தனக்குப் பெயர் இல்லாவிட்டால்
தாயிடம் போ,
தாயின் நேர்ப் பிள்ளையான பெயரை எடு,
முன்னால் 'பேபி ஆஃப்' என்று சேர்.

எழுதும்போது கவனித்தேன்.
நோயாளி, சாய்கோடு, தாய், சாய்கோடு, பெயர்.
ஒவ்வொரு கோடும் ஒரு படி இறக்கம்.
என் மைகார்டிலும் அதே கோடுதான்:
வேந்தன் ஏ/எல் அந்தோணிராயர்.
அங்கே அது பிள்ளையிலிருந்து
அப்பனுக்கு ஏறுகிறது.
ஒரே ஒரு படி. அதற்கு மேல் கேட்டால்
அட்டையில் இடமில்லை,
அந்தோணிராயரின் அப்பா பெயர்
எனக்கும் சட்டென்று வரவில்லை.

ஒன்று பத்துக்கு சிஸ்டர் படம் அனுப்பினார்.
சின்ன மணிக்கட்டு, புதுப் பட்டை:

பேபி ஆஃப் விமலேஸ்வரி ஏ/

பட்டையின் அகலம் அவ்வளவுதான்.
கோட்டோடு நின்றுவிட்டது.

பெரிய விரல் ஒன்று, அம்மாவுடையதாக இருக்கும்,
கோட்டுக்குப் பிறகுள்ள வெள்ளை இடத்தை
மூடியிருக்கிறது.

நாளைக்குப் பார்க்கிறேன் என்று பதில் போட்டேன்.
கோப்பி ஓவை ஊற்றிவிட்டு வந்து
பழைய வரியை அழித்தேன்.