பக்கத்துக்குப் பத்து ஷில்லிங்

கிட்டாலே நீதிமன்றத்துக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
பக்கத்துக்குப் பத்து ஷில்லிங்.
விளக்கம் இலவசம்.

காலை எட்டரைக்கே வந்துவிடுவார்கள்
செருப்பில் சேறும்
சட்டைப்பையில் வியர்த்த சம்மனுமாக.
"நெகேசா, இதற்கு என்ன அர்த்தம்?"

வாதி, முதலில் கதவைத் தட்டியவர்.
பிரதிவாதி, திறந்தாக வேண்டியவர்.
யார் நல்லவர் என்பது
இரண்டு சொல்லிலும் இல்லை.
மாஜிஸ்திரேட் கையாலேயே எழுதுகிறவர்,
பேனா ஓடும்போது
வாயைக் கொஞ்சம் நிறுத்து.
அரசு வழக்கறிஞருக்கு உன்மேல் கோபமே கிடையாது,
இருந்தும் உள்ளே தள்ளத்தான் பார்ப்பார்.
கிளார்க்குக்கு வணக்கம் சொல்,
கோப்புகள் தொலைவதும் கிடைப்பதும்
அவர் மேசையில்தான்.
ஜாமீன் விடுதலை இல்லை,
திரும்பி வருவேன் என்று
அடகு வைத்த வாக்கு.

வாய்தாவா?
சோளம் விதைத்த வாரம் வந்த செப்கேமோய்
அறுத்து, உலர்த்தி, விற்றும் முடித்துவிட்டாள்.
இன்னும் அதைத்தான் வாங்கிப் போகிறாள்.

போன மாதம் சம்மன் எனக்கே வந்தது.
வஃபுலாவின் வழக்கு. கால் ஏக்கர், போலிப் பட்டா.
என் இயந்திரத்தில் எடுத்த தாளெல்லாம்
வலது ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும்,
ரிப்பேருக்குக் காசில்லாமல் விட்டிருந்தேன்.
அந்தக் கோட்டுக்கு மேலே
'சான்று நான்கு' என்று முத்திரை.

குற்றவாளிக் கூண்டு இல்லை, சாட்சிக் கூண்டுதான்.
வித்தியாசத்தை நூறு பேருக்குச் சொன்னவள் நான்.
முழங்காலுக்கு அது புரியவில்லை.

குறுக்கு விசாரணை என்பது
எதிர்த்தரப்பு வக்கீல் உன் பதிலை உரசிப் பார்ப்பது
என்பேன் எல்லோரிடமும்.
இளம் பெண் அவள், உரத்துக்கூடப் பேசவில்லை.
"அசலைப் பார்த்தீர்களா?"
பார்த்தேன்.
"படித்தீர்களா?"
பக்கங்களை எண்ணினேன்.
"ஆமா, இல்லையா?"
இல்லை.

பேனா எழுதியது.
ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரமா?

பின்பெஞ்சில் வஃபுலாவின் அண்ணி நஞ்சாலா,
நிலம் அவளுடையது.
அதே வாரம் அவளும் என்னிடம் வந்திருந்தாள்,
கணவனின் இறப்புச் சான்றிதழோடு.
நான்கு பிரதி.
நாற்பது ஷில்லிங் வாங்கிக்கொண்டேன்.
அவள் என்னைப் பார்த்தாளா என்று
நான் பார்க்கவில்லை.

தீர்ப்பு மார்ச் பதினேழுக்கு.

இப்போதெல்லாம் கண்ணாடிமேல் தாளைக் கவிழ்க்குமுன்
ஒருமுறை படித்துவிடுகிறேன்.
வரிசை சாலைவரை நீள்கிறது.
எனக்கு என்ன கேடு வந்தது என்கிறார்கள்.
இரண்டு பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்,
அங்கே எட்டு ஷில்லிங்,
கோடும் விழுவதில்லை.